வில்லெய்து மீன் பிடித்தல்: வாலிபர்களுக்கு ஒரு பாடம்



மீன் பிடிப்பது நமக்குப் புதிய தொழிலன்று. நம்மில் பலருடைய முன்னோர் கடற்கரைப் பட்டினங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தூண்டிலும் வலையும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியவை அல்ல. ஆனால் வில்லும் அம்பும் கொண்டு மீன் பிடிக்கும் வித்தையை நம்மில் அநேகர் படத்தில் மட்டுமே பார்த்திருப்பர். மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் நம் பிள்ளைகள் அங்கே கல்லூரித் தோழர்களுடன் விடுமுறை நாட்களில் ஆற்றங்கரைக்குப் போகின்றனர். அங்கு இந்த வித்தையைக் கண்டு ஆசை கொண்டு, "இதை எப்படித் தொடங்குவது?" என்று கேட்கின்றனர். அவர்களுக்காகவும், இங்கிருந்தே அறிந்துகொள்ள விரும்பும் மற்றவர்களுக்காகவும் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

1. இது என்ன வித்தை?

வில்லால் மீன் பிடிப்பது மிகப் பழமையானது. அமேசான் காட்டு மக்களும் அந்தமான் தீவுகளின் பூர்வ குடிகளும் இன்றளவும் ஆழமில்லாத நீரில் நின்று அம்பெய்து மீன் பிடிக்கின்றனர். அவர்களுக்கு அது வயிற்றுப் பிழைப்பு. அமெரிக்காவில் அது பொழுதுபோக்கு. அங்கே மிசிசிப்பி ஆற்றிலும் அதன் கிளை நதிகளிலும் ஏரிகளிலும் ஆயிரக்கணக்கானோர் இதில் ஈடுபடுகின்றனர்.

தூண்டில் போடுபவன் ஓரிடத்தில் உட்கார்ந்து மீன் வருமென்று காத்திருக்கிறான். வில்லேந்தியவனோ மீனைத் தேடிப் போகவேண்டும். கரையோரமாக மெல்ல நடக்கவேண்டும். நீரின் நிறம், நாணலின் அசைவு, சேறு கலங்கும் இடம் ஆகிய எல்லாவற்றையும் கூர்ந்து நோக்கவேண்டும். காலை முதல் மாலை வரை கடையிலும் காரியாலயத்திலும் அடைபட்டுக் கிடக்கும் உடம்புக்கு இது நல்ல மருந்து. வில் வளைப்பதால் தோளும் முதுகும் வலுப்பெறும். கண் கூர்மையடையும். ஒரு மீனும் கிடைக்காவிட்டாலும், வெயிலும் காற்றும் பறவைகளின் ஓசையும் கிடைத்த நாள் வீணான நாளாகாது.

ஆயினும் தூண்டிலுக்கும் வில்லுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தூண்டிலில் சிக்கிய மீன் சிறியதாகவோ வேண்டாததாகவோ இருந்தால், முள்ளைக் கழற்றி நீரில் விட்டுவிடலாம். அம்பு பாய்ந்த மீனை அப்படி விட முடியாது. அம்பில் கயிறு கட்டியிருப்பதால் அம்பு நம்மிடம் திரும்பி வரும். மீன் ஆற்றுக்குத் திரும்பிப் போகாது. ஆகவே எய்த பின் யோசிப்பதில் பிரயோஜனமில்லை. யோசனை முழுவதும் எய்வதற்கு முன்னரே முடிந்திருக்கவேண்டும். இந்தப் பாடத்தின் சாரம் இதுதான். மற்றவை எல்லாம் இதன் விளக்கமே.

2. தண்ணீர் செய்யும் மாயம்

வில்லில் தேர்ந்தவனும் முதன்முதல் மீனை எய்யும்போது தவறவிடுவான். காரணம் கையன்று, கண். நீருக்குள் மீன் தெரிகிற இடம் ஒன்று, உண்மையில் இருக்கிற இடம் மற்றொன்று.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கிண்ணத்தின் அடியில் ஒரு காசை வையுங்கள். கிண்ணத்தின் விளிம்பு காசை மறைக்கும் வரையில் பின்னால் நகர்ந்து நில்லுங்கள். தலையை அசைக்காதீர்கள். இன்னொருவர் கிண்ணத்தில் மெல்லத் தண்ணீர் ஊற்றட்டும். மறைந்திருந்த காசு மேலெழுந்து வந்தாற்போலக் கண்ணுக்குத் தெரியும். காசு நகரவில்லை. நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. நம் கண்ணோ, ஒளி நேராகவே வந்தது என்று எண்ணிக்கொண்டு, காசு உயரத்தில் இருப்பதாக நம்மிடம் பொய் சொல்கிறது.

இந்தப் பொய்க்கும் ஓர் அளவு உண்டு. நேர் மேலே நின்று குனிந்து பார்த்தால் 4 அடி ஆழத்திலுள்ள பொருள் 3 அடி ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். அப்போது ஆழம் மட்டுமே மாறித் தெரியும், குறி விலகாது. சாய்வாகப் பார்க்கும்போது பொருள் இன்னும் மேலே தோன்றும், குறியும் விலகும். எனவே மீன் தெரியும் இடத்துக்குக் கீழே குறி வைக்கவேண்டும். அமெரிக்க வில்லாளர்கள் இதற்கு ஒரு கைக்கணக்கு வைத்திருக்கின்றனர். மீன் 10 அடி தூரத்தில் 1 அடி ஆழத்தில் இருந்தால் 4 அங்குலம் கீழே எய்ய வேண்டும். ஆழம் 2 அடியானால் 8 அங்குலம். ஆழம் 1 அடியாகவே இருந்து தூரம் 20 அடியானாலும் 8 அங்குலம். ஆளின் உயரத்தையும் நிற்கும் படகின் உயரத்தையும் பொறுத்து இது சற்று மாறும். தொடங்குகிறவனுக்கு இது போதும். சந்தேகம் வந்தால் இன்னும் கீழே எய்க. தவறும் அம்புகளில் பெரும்பாலானவை மீனின் முதுகுக்கு மேலே போவனவே.

3. நம் கழிமுகத்திலுள்ள ஆசிரியர்

இந்தக் கணக்கை நமக்குக் கற்றுத்தர ஓர் ஆசிரியர் நம் ஊரிலேயே இருக்கிறார். மலேசிய, சிங்கப்பூர்க் கழிமுகங்களில் பாக்காவ் மரங்கள் அடர்ந்த இடங்களில் 'இக்கான் சும்பிட்' என்றொரு மீன் உண்டு. உடலில் கறுப்புப் பட்டைகளுடன் நீரின் மேற்பரப்பை ஒட்டி நீந்தும். சும்பிட் என்றால் ஊதுகுழல். மலாய்க்காரர் இம்மீனுக்கு மிகப் பொருத்தமாகவே பெயரிட்டிருக்கின்றனர். நாக்கை மேல்வாயிலுள்ள பள்ளத்தில் அழுத்திக் குழல்போல ஆக்கிக்கொண்டு, நீரைப் பீய்ச்சி, இலைமேல் உட்கார்ந்திருக்கும் பூச்சியை வீழ்த்தித் தின்னும்.

நமக்கு மீன் இருக்கும் இடம் தவறாகத் தெரிவது போலவே, நீருக்குள்ளிருந்து பார்க்கும் இந்த மீனுக்கும் பூச்சி இருக்கும் இடம் தவறாகவே தெரியும். உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் தோன்றும். ஆயினும் இந்த மீன் கணக்கைத் திருத்திக்கொண்டு எய்கிறது. பிறவியிலேயே அதற்கு முழுத் தேர்ச்சி வந்துவிடுவதில்லை. பலமுறை தவறவிட்டுப் பழகுகிறது. கூட்டத்திலுள்ள வேறொரு மீன் எய்வதைப் பார்த்தும் கற்றுக்கொள்கிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். சிறு மீனே இத்தனை பாடுபட்டுக் கற்கும்போது, முதல் நாளில் பத்து அம்பும் தவறிற்றென்று நாம் மனம் தளரலாமா?

4. வேண்டிய கருவிகள்

விலையுயர்ந்த கருவிகள் தொடக்கத்தில் வேண்டியதில்லை. கீழ்க்கண்டவை போதும்.

வில்: சாதாரண வளைவில் போதும். உருளைகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லும் உபயோகிக்கலாம். நாணை இழுக்க 35 முதல் 45 ராத்தல் வரை விசை தேவைப்படும் வில் நடுத்தர ஆளுக்கு ஏற்றது. மீன் கண்ணெதிரே நிற்கும் நேரம் மிகச் சொற்பம். நிதானமாக நாணைப் பிடித்துக்கொண்டு குறிபார்க்க அவகாசம் இராது. ஆதலால் எளிதில் இழுத்து விடக்கூடிய வில்லே நல்லது.

அம்பு: மைதானத்தில் எய்யும் இலேசான அம்பு இதற்கு உதவாது. பைபர் கிளாஸ் என்னும் கண்ணாடி நாரால் செய்த கனமான அம்பு வேண்டும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. இலேசான அம்பு அதில் பாய்ந்ததுமே வேகம் இழந்துவிடும். கனமான அம்புகூட மூன்று நான்கு அடி ஆழத்துக்குமேல் சென்றால் பலனளிக்காது. குறுகிய தூரமே பறப்பதால் இந்த அம்புக்கு இறகு தேவையில்லை. முனையில் எதிர்முள் இருக்கும். அதுவே மீன் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். மீனைக் கரையேற்றிய பின் முனையைத் திருகி முள்ளை மடக்கி அம்பை உருவலாம்.

கயிறும் சுருளும்: அம்போடு இணைந்த பின்னல் கயிறு 200 ராத்தல் வரை தாங்கவேண்டும். அதைச் சுற்றிவைக்கும் சுருள் மூன்று வகைப்படும். கையால் சுற்றும் வட்டச் சுருள், தூண்டிலில் இருப்பது போன்ற ரீல், கயிறு தானே போய் விழும் புட்டி வகை என்பன அவை. முதல்முறை வாங்குவோருக்குக் கையால் சுற்றும் வகையே மலிவும் பத்திரமும் ஆகும்.

கண்ணாடி: நீரின்மேல் வெயில் பட்டுப் பளபளக்கும்போது உள்ளே ஒன்றும் தெரியாது. அந்தப் பளபளப்பைத் தடுக்கும் போலராய்டு வகைக் கறுப்புக் கண்ணாடி மிக அவசியம். வில்லுக்கு அடுத்தபடியாகப் பணம் செலவிடத்தக்கது இதற்கே.

5. பழகும் முறை

முதற்படி, நிலத்தில் பழகுதல். வைக்கோல் அல்லது மணல் நிரப்பிய மூட்டையைத் தரையில் வைத்து, 5 கஜத்திலிருந்து கீழ்நோக்கி எய்து பழகவேண்டும். நேராக நிறுத்திய இலக்கில் மட்டும் பழகியவனுக்குக் கீழ்நோக்கி எய்யும்போது உடல் வளைவு தடுமாறும். ஒரே வகையில் நிற்பது, ஒரே இடம் வரை நாணை இழுப்பது என்ற பழக்கம் இங்கே வரவேண்டும்.

இரண்டாம் படி, நீரில் அசையாத பொருளை எய்தல். ஒரு பிளாஸ்டிக் புட்டியில் மணல் நிரப்பி, சிறு மிதவையில் கட்டி, 1 அடி ஆழத்தில் தொங்கவிடுங்கள். முதலில் புட்டி தெரியும் இடத்திலேயே எய்யுங்கள். அம்பு மேலாகப் போவதைக் காண்பீர்கள். பிறகு 4 அங்குலம் இறக்கி எய்யுங்கள். இவ்விதம் ஆழத்தையும் தூரத்தையும் மாற்றி மாற்றிப் பழகினால் கணக்கு கைக்கு வந்துவிடும்.

மூன்றாம் படி, அனுபவசாலியுடன் ஆற்றுக்குப் போதல். வசந்த காலத்தில் கெண்டை மீன்கள் முட்டையிடக் கரையோரத்து ஆழமற்ற நீருக்கு வரும். அப்போது பகல் நேரத்திலேயே அவற்றைக் காணலாம். சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். ஆனால் உங்கள் நிழல் மீனின்மேல் விழக்கூடாது. அடியெடுத்து வைக்கும்போது கல் உருளக்கூடாது. சிலர் தட்டைப் படகில் விளக்குகளைப் பொருத்திக்கொண்டு இரவிலும் செல்கின்றனர். தொடங்குகிறவர்களுக்குப் பகலே ஏற்றது.

6. ஆபத்து எங்கே உள்ளது?

இந்த விளையாட்டில் மிகப் பெரிய ஆபத்து கயிற்றினால் வருவது. எய்யும் சமயத்தில் கயிறு வில்லிலோ நாணிலோ சட்டைப் பொத்தானிலோ மாட்டிக்கொண்டால், வேகமாகப் போன அம்பு அதே வேகத்தில் எய்தவன்மீதே திரும்பிப் பாயும். இதனால் கண்ணையும் உயிரையும் இழக்க நேரிடலாம். கயிற்றை அம்பின் பின்பகுதியில் முடிச்சிட்டு எய்யாதீர்கள். அம்பின்மேல் முன்னும் பின்னும் நகரும் சிறு வளையத்தில் கட்டவேண்டும். அப்போது கயிறு எப்பொழுதும் வில்லுக்கு முன்புறமே இருக்கும். பொத்தான் அழுத்தும் ரீலை உபயோகிப்பவர், எய்யுமுன் பொத்தானை அழுத்த மறந்தாலும் இதே விபத்து நேரும். ஆகவே ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பார்த்த பின்னரே நாணை இழுக்கவேண்டும்.

அடுத்தது, தாழ்ந்த கோணத்தில் எய்தால் அம்பு நீரில் பட்டுத் தெறித்துப் போகும். எதிர்க்கரையில் ஆள் இருக்கும்போது எய்யாதீர்கள். காலடியில் கயிறு சுருண்டு கிடக்கக்கூடாது. படகில் செல்வோர் மிதவைச் சட்டை அணியவேண்டும். தனியே போகவேண்டாம். இருவராகப் போனாலும் ஒரு நேரத்தில் ஒருவரே வில்லை வளைக்கவேண்டும்.

7. எந்த மீனை எய்வது?

இதுவே பாடத்தின் முக்கியமான பகுதி. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும். மீன்பிடி அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். தூண்டிலுக்கென்று போற்றப்படும் மீன் வகைகளை வில்லால் எய்யப் பெரும்பாலும் அனுமதியில்லை. மற்ற வகைகளையே எய்யலாம்.

எய்யத்தக்கவற்றுள் முதலாவது சாதாக் கெண்டை. 1877-ல் அமெரிக்க அரசாங்கத்தின் மீன்வளக் குழு உணவுக்காக ஜெர்மனியிலிருந்து இதைத் தருவித்துப் பல மாநிலங்களுக்கும் பரப்பிற்று. அது பல்கிப் பெருகி, ஏரிகளின் அடியைக் கிளறி, நீரைக் கலக்கி, நீர்ச்செடிகளை வேரோடு பிடுங்கி, நாட்டு மீன்களுக்கு இடமில்லாமல் செய்தது. 1963-ல் புல் கெண்டை வந்தது. 1970-களில் அர்க்கன்சாஸ் மாநிலத்து மீன் பண்ணைகள் குளங்களைச் சுத்தப்படுத்தவென வெள்ளிக் கெண்டையையும் பெருந்தலைக் கெண்டையையும் இறக்குமதி செய்தன. அவை தப்பி மிசிசிப்பியில் சேர்ந்து, இல்லினாய்ஸ் ஆறு வரை பரவிவிட்டன. படகின் இயந்திர ஓசை கேட்டால் வெள்ளிக் கெண்டைகள் கூட்டங்கூட்டமாக நீருக்கு மேல் துள்ளிப் பாயும். துள்ளும்போதே அவற்றை எய்பவரும் உண்டு. பேரேரிகளுக்குள் இவை நுழையாதபடி, 2002 முதல் சிக்காகோ அருகே கால்வாயில் மின்சாரத் தடுப்பு வைத்திருக்கின்றனர். இந்த அந்நிய மீன்களைக் குறைப்பது ஆற்றுக்கு நன்மையே.

ஆனால் கெண்டையைப் போலவே தோற்றமளிக்கும் நாட்டு மீன் ஒன்று அங்கு உண்டு. அதன் பெயர் பெருவாய் எருமை மீன். நெடுங்காலமாக அதையும் 'உதவாத மீன்' என்று கருதிக் கணக்கின்றி எய்து வந்தனர். மிஞ்சினால் 25 ஆண்டு வாழும் மீன் என்றே நினைத்திருந்தனர். மரத்தின் வளையங்களை எண்ணுவது போல, மீனின் காதுக்குள் இருக்கும் கல்லிலுள்ள வளையங்களை எண்ணி வயதை அறியலாம். அவ்வாறு எண்ணிப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2019-ல் வெளியாயிற்று. அதில் ஒரு மீனின் வயது 112 எனத் தெரிந்தது. சில இடங்களில் பிடித்தவற்றில் பெரும்பாலானவை 80 வயதைக் கடந்தவை. அதாவது அங்கே பல பத்தாண்டுகளாக இளம் மீன்கள் சரிவரத் தலையெடுக்கவில்லை. இருக்கும் கிழவர்களே அந்தக் குலத்தின் முதல்.

சகோதரர்களே, இதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். நம் பாட்டனாருக்கும் மூத்த ஓர் உயிரை, பெயர்கூடத் தெரியாமல், ஒரு நொடி உற்சாகத்தில் எய்து கரையில் எறிந்துவிட்டுப் போனவர் எத்தனை பேர்! அவர்கள் கொடியவர்கள் அல்லர். அறியாதவர்கள். நீர் மீனின் இடத்தைப் பற்றிப் பொய் சொல்கிறது. நம் அவசரமோ மீனின் இனத்தைப் பற்றிப் பொய் சொல்கிறது.

வித்தியாசம் காண்பது கடினமன்று. சாதாக் கெண்டையின் வாயோரத்தில் பக்கத்துக்கு இரண்டாக மீசைகள் இருக்கும். எருமை மீனுக்கு மீசையே கிடையாது. மீசை தெரியவில்லையா? வில்லை இறக்குங்கள். எய்ய அனுமதி இருப்பதெல்லாம் எய்யத்தக்கது ஆகாது.

8. எய்த பின்

மீனுக்கு அறுப்பு வேண்டாததால், உண்பதில் நம் பிள்ளைகளுக்கு ஐயம் எழாது. கெண்டையில் சிறு முட்கள் அதிகம். தோலை நீக்கி, கறுத்த சதையை அகற்றி, இரு பக்கமும் நெருக்கமாகக் கீறி, நன்றாகப் பொரித்தால் முள் தொல்லை குறையும். ஆணம் காய்ச்சவும் உதவும். நீண்ட மூக்குள்ள 'கார்' என்னும் மீனின் சதையை உண்ணலாம். அதன் முட்டையோ நஞ்சு. அதைத் தொடவேண்டாம். சில ஆறுகளின் மீனை அளவோடு உண்ணுமாறு மாநிலச் சுகாதார இலாகாக்கள் அறிவித்திருக்கும். அதையும் விசாரித்துக்கொள்க.

உண்ணவோ கொடுக்கவோ முடிந்த அளவுக்கு மேல் எய்யாதீர்கள். எய்த மீனை நீரிலோ கரையிலோ எறிந்து செல்வது பல மாநிலங்களில் குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் வீண் விரயம் வீண் விரயமே.

9. நம் நாட்டில்

இங்கே வில்லோடு ஆற்றுக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் குறித்த இடங்களில் தூண்டிலுக்கு மட்டுமே இடமுண்டு. மலேசியாவில் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு மாநிலந்தோறும் தனி விதிகள் உள்ளன. முதலில் மீன்வள இலாகாவில் விசாரிக்கவேண்டும்.

ஆயினும் பாடம் இங்கேயும் பொருந்தும். வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட தென்னமெரிக்க 'இக்கான் பண்டாராயா' இன்று நம் ஆறுகளின் கரையைத் துளைத்துக்கொண்டிருக்கிறது. தொட்டி மீனை ஆற்றில் விடாதிருப்பது வில்லெடுக்காமலே செய்யக்கூடிய பெரிய உதவி. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரின் சுங்கை பூலோ போன்ற ஈரநிலத்துக்குப் போங்கள். பாலத்தில் நின்று சும்பிட் மீனைத் தேடுங்கள். வில் பழக ஆசையுள்ளவர்கள் முறையான வில் பயிற்சிக் கழகத்தில் சேரலாம். நம் முன்னோர் போற்றிய பயிற்சிகளில் வில்லும் ஒன்றல்லவா?

இதைப் படித்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வருமுன் கீழ்க்கண்ட கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்க்கவும்.

1. மீன் தெரியும் இடத்துக்குக் கீழே ஏன் குறி வைக்கவேண்டும்?
2. மீன் 20 அடி தூரத்தில் 2 அடி ஆழத்தில் இருந்தால் கைக்கணக்குப்படி எத்தனை அங்குலம் கீழே எய்யவேண்டும்?
3. கயிற்றை நகரும் வளையத்தில் கட்டுவதன் காரணம் என்ன?
4. கெண்டைக்கும் எருமை மீனுக்கும் உள்ள வித்தியாசம் யாது?

இரண்டாம் கேள்விக்கு 16 என்று விடையெழுதியவர்கள் கணக்கில் தேறியவர்கள். நான்காம் கேள்விக்கு விடை தெரியாதவர்கள் வில்லைத் தொடுவதற்கு இன்னும் சிறிது காலம் பொறுக்கவேண்டும்.